வண்டுக்கு ஓர் அறிவிப்பு

என் கணவரை ரயில் நிலையத்தில் எல்லாரும் ‘குரல்’ என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. முதல் நடைமேடையின் கோடியில், மாடிப்படி ஏறினால் வரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எங்கே வரும், எவ்வளவு தாமதம் என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்வார். நிறுத்தி, நிதானமாக. யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பது அவர் கவலை இல்லை. சொல்வதோடு வேலை முடிந்தது.

அது ஸ்டேஷனோடு நின்றிருந்தால் எனக்கென்ன போச்சு. வீட்டிலும் அதே கதைதான். குளியலறையில் சவரம் செய்துகொண்டே ஆரம்பிப்பார். “வண்டு, பல் தேச்சிட்டு, டிரஸ் போட்டுட்டு, பையை எடுத்துட்டு, வாசலுக்கு வா.” மூச்சு வாங்கிக்கொண்டு அதையே மறுபடியும் சொல்வார். அந்த நேரத்தில் எங்கள் எட்டு வயது மகள், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு நின்று, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அறிவிப்பு முடிந்து, சவரம் முடிந்து, அவர் வெளியே வந்து பார்த்து, பிறகு கத்துவார். அப்புறம் நான் கத்துவேன். பிறகுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

மகள் மும்முரமாக எதையாவது செய்யும்போது மூக்கால் ‘ம்ம்ம்’ என்று இடைவிடாமல் முனகுவாள். அதனால்தான் வண்டு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரில் திட்டு மட்டுமே வாங்கிப் பழகிவிட்டதால், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு ஏ.டி.ஹெச்.டி., கவனத்தை ஓரிடத்தில் நிற்க விடாத, சும்மா இருக்க விடாத குறைபாடு என்றார். பிள்ளைக்கு வேண்டியதைச் செய்வதோடு, பெற்றோர் இருவரும் வாரம் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போகவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, “ஸ்டேஷன்ல யாருக்கும் தெரிய வேண்டாம்.” இரண்டாவது, “எனக்கு ஷிப்ட் இருக்கு, நீ போயிட்டு வா.” ஊருக்கெல்லாம் அறிவிக்கிற மனிதருக்கு இதை மட்டும் தொண்டைக்குழியை விட்டு வெளியே விட முடியவில்லை.

நான் போனேன். நூலக மாடியில் ஓர் அறை, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லா நாற்காலியிலும் தூக்கம் கெட்ட முகங்கள். பயிற்சி தரும் மேடம் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே பைக்குள் தேடுகிறவர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் என்பதால் அதைச் சொல்லும் பொறுப்பு வாராவாரம் எனக்கு விழுந்தது.

முதல் நாளே அவர் சொன்னார், “உங்க பிள்ளைங்களைச் சரி பண்ண நான் வரலை. உங்களைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க.” எனக்குச் சுள்ளென்று வந்தது. என்னைச் சரி பண்ண என்ன இருக்கிறது? ஆனால் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தவர் மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள், கிட்டே போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்ப்பதை முதலில் நீங்களும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான் சொல்லவேண்டும். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள், அது அவளுக்கே தெரியாது.

ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தார். ஒரு பக்கம் அம்மா, எதிர்ப் பக்கம் அப்பா. தினமும் பிள்ளையிடம் பார்த்த ஒரு நல்லதை எழுதி, அதை அவள் காதுபடச் சொல்லவும் வேண்டும். “நல்ல பொண்ணுன்னு பொத்தாம்பொதுவா எழுதினா செல்லாது. என்ன பண்ணினா, எப்படிப் பண்ணினா, அது வேணும்.” என் பக்கம் திக்கித் திணறியாவது நிரம்பியது. எதிர்ப் பக்கம் ஐந்து வாரமாக வெள்ளை வெளேரென்று கிடந்தது. கேட்டால், “பாக்கறதுக்குள்ள ஓடிடறா. என்னத்தை எழுதறது?” என்பார்.

ஆறாவது வாரம் நான் சண்டைக்கே நின்றுவிட்டேன். வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும் திறமை எனக்கு உண்டு. மனிதர் இறங்கி வந்தார். ஐந்தரைக்கு ஷிப்ட் முடியும், நானும் வண்டுவும் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும், மூவருமாக ஆறு மணி வகுப்புக்கு நடந்து போகலாம் என்று ஏற்பாடு.

அன்றைக்குத்தான் நான் அவளைத் தொலைத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றவள் கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. அந்த மாதத்தில் மூன்றாவது பாட்டில். “எங்கடி வெச்சே? கழுத்துல கட்டி விடவா? உன் தலையைக் கழட்டி வெக்க முடியலை, அதனாலதான் அது இன்னும் தொலையாம இருக்கு” என்று ஸ்டேஷன் வரை ஓயாமல் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே கூட நடந்தாள். முதல் நடைமேடையில் பெஞ்சைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு, செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பெஞ்சுக்குப் பின்னால் பார்த்தேன், கழிப்பறையில் பார்த்தேன், டிக்கெட் வரிசையில் பார்த்தேன். நடைமேடை விளிம்புக்கு வந்து தண்டவாளத்தைப் பார்த்தபோதுதான் கோபம் போய்ப் பயம் வந்தது. தண்டவாளம் என்றால் வண்டுவுக்கு உயிர். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புகளை எண்ணுவதற்காகவே அப்பாவைப் பார்க்க வருவாள். கடிகாரத்தில் ஐந்து எட்டு. அடுத்த வண்டி ஐந்து இருபதுக்கு.

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தபோது ஸ்டேஷன் மாஸ்டரும் உள்ளே இருந்தார். “என்னங்க, வண்டுவைக் காணோம்” என்றேன். என் கணவர் பழக்கதோஷத்தில் காகிதத்தை இழுத்துக்கொண்டு, குழந்தை தொலைந்தால் கேட்கிற வரிசைப்படி கேட்டார்.

“என்ன டிரஸ்?”

காலையில் நான் போட்டு அனுப்பியது பச்சை. ஆனால் பெஞ்சருகே தேடியபோது, திறந்திருந்த அவள் பையில் ஈரப் பச்சைச் சட்டை சுருட்டிக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நனைத்துக்கொண்டு எதையோ மாற்றியிருக்கிறாள். அரை மணி நேரம் அவளோடு நடந்து வந்திருக்கிறேன். பாட்டில் இல்லாததைப் பார்த்தேனே தவிர, பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

“தெரியலைங்க” என்று அழுதுவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனை எடுத்தார். “வண்டியை வெளியவே நிறுத்தச் சொல்றேன். நீங்க பேசுங்க.”

நான் கீழே ஓடி, தண்டவாளத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். தலைக்கு மேல் மணி அடித்து, அந்தக் குரல் வந்தது.

“பயணிகளின் கவனத்திற்கு. எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காணவில்லை. குழந்தையின் உடை...”

அங்கேயே நின்றுவிட்டது. ஒரு இருமல். பதினெட்டு வருடத்தில் அந்த ஒலிபெருக்கியில் யாரும் இருமிக் கேட்டதில்லை. தலைகள் மேலே திரும்பின.

“அது என் பொண்ணுங்க” என்றது குரல். “என்ன டிரஸ்னு எங்களுக்கே தெரியலை. வீட்ல வண்டுன்னு கூப்பிடுவோம். ஒரு கால்ல சாக்ஸ் இருக்காது. அவளுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கு. கொழுப்பெடுத்து ஓடறவ இல்லைங்க. தூரத்திலேருந்து கூப்பிட்டா அவளுக்குக் காதுல ஏறாது. கத்தாதீங்க, துரத்தாதீங்க. கிட்டப் போய்ப் பக்கத்துல உட்காருங்க. அவ எதைப் பாக்கறாளோ அதை நீங்களும் கொஞ்ச நேரம் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

ஆக, நான் ராத்திரிச் சாப்பாட்டின்போது வகுப்பைப் பற்றிச் சொன்னதையெல்லாம், தட்டைப் பார்த்துக்கொண்டே இந்த மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அடையாளம் சொல்றேன். எதையாவது கழட்டிட்டு இருப்பா, இல்லன்னா கழண்டதை மாட்டிட்டு இருப்பா. எங்க வீட்டுல குளியலறைத் தாழ்ப்பாள் மூணு மாசமா ஆடிட்டு இருந்தது. ஸ்பூனை வெச்சு அவதான் முறுக்கி நிறுத்தினா. நான் பார்த்தேன். பார்த்துட்டு, ஸ்பூனை எதுக்கு எடுத்தேன்னு திட்டினேன். யாராவது அழுதா முதல்ல அவதான் போய் நிப்பா. என்ன சொல்லணும்னு தெரியாது, சும்மா கையைப் பிடிச்சுக்குவா. போன வருஷம் எங்கம்மா போனப்ப என் கையை அப்படித்தான் பிடிச்சுட்டு இருந்தா. அவ அவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதையும் நான் அவகிட்டச் சொல்லலை.”

என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டார். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. தண்டவாளம் தெரியவேண்டுமே என்று துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“மும்முரமா இருந்தா முனகிட்டே இருப்பா, வண்டு மாதிரி. அதைக் கேட்டா கண்டுபிடிச்சிடலாம். அதனால ஒரு நிமிஷம், எல்லாரும் பேசாம இருங்க. தயவுசெஞ்சு.”

அவர் எதையும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. செல்போன்கள் அணைந்தன. பெட்டி உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தேநீர்க்கடைக்காரர் அடுப்பைச் சிறிதாக்கினார். ஒரு கைக்குழந்தையின் வாயில் அதன் அம்மா அவசரமாகப் பால் பாட்டிலை வைத்தாள். அத்தனை பெரிய ஸ்டேஷனில் கூரையில் நடக்கிற புறாவின் கால் சத்தம் கேட்டது. முனகல் மட்டும் கேட்கவில்லை. ஒரு பக்கமும் கேட்கவில்லை.

அப்போதுதான் நடைமேடையின் நடுவில் ஒரு துடைப்பம் உயர்ந்தது.

குளிர்பானம் தரும் பெரிய இயந்திரம் ஒன்று சுவரோரம் நிற்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் சொருகிக்கொள்ளும் இடைவெளி. அதன் முகப்பில் துப்புரவு வேலை செய்யும் அம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டே, மறு கையால் என்னை மெதுவாக வரச் சொன்னார். அவர் பக்கத்தில், யாருடையதோ பெரிய மஞ்சள் சட்டையில் என் வண்டு. இயந்திரத்தின் பின்பக்கத் தகடு ஒற்றைத் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தலைக் கிளிப்பால் இரண்டாவதை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தோளால் தகட்டைத் தாங்கியிருந்தார்.

“இந்த மிஷின் ரெண்டு நாளா ரிப்பேரும்மா” என்று என் காதருகே சொன்னார். “பெருக்கிட்டு வரப்ப மோட்டார் சத்தம் கேட்டுச்சு. சரி பண்ணிட்டாங்க போலன்னு நினைச்சேன். சார் பேசாம இருங்கன்னு சொன்னதும் மோட்டாரும் நின்னுபோச்சு. அறிவிப்பு கேட்டு நிக்கற மோட்டாரை நான் எங்கம்மா பார்த்திருக்கேன்? அதான் எட்டிப் பார்த்தேன். பார்த்து, சார் சொன்னபடி உட்கார்ந்துட்டேன்.”

நான் அவரைக் கும்பிட்டேனா, கட்டிக்கொண்டேனா, நினைவில்லை. வண்டுவை அள்ளி எடுத்து முகமெல்லாம் முத்தம் வைத்தது நினைவிருக்கிறது. பிறகு, இத்தனை வார வகுப்பையும் காற்றில் விட்டுவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“அப்பா பேசினது கேட்டுச்சா? கேட்டும் ஏன்டி வரலை?”

“வரச் சொல்லலையே” என்றாள். “பேசாம இருக்கத்தானே சொன்னாரு. நான் பேசாம இருந்தேன்.” கொஞ்சம் யோசித்து, “மூக்கைக்கூடப் பேச விடலை” என்றாள்.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம். அவள் அப்பா முதல்முறையாக ஒன்றே ஒன்று கேட்டார். அவளும் செய்துவிட்டாள்.

கண்ணாடி அறையை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். அந்த முகத்தை அன்றுதான் பலர் முதல்முதலாகப் பார்த்தார்கள். மூக்கு சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக, பார்க்கிற மாதிரியா இருந்தது! சலவை மடிப்புக் கலையாத சீருடையோடு அந்த அழுக்குத் தரையில் முழங்காலிட்டார். அவள் கண்ணுக்கு நேராக அவர் கண் வந்தது. அவள் தோளைத் தொட்டார். பேசத்தான் முடியவில்லை. ‘குரல்’ என்று பெயர் வாங்கிய மனிதருக்குக் குரல் வரவில்லை.

வண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய இருமலையும் சேர்த்து, அவர் மாதிரியே நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தாள். “‘எங்க வீட்டுல குளியலறைத் தாழ்ப்பாள் மூணு மாசமா ஆடிட்டு இருந்தது. ஸ்பூனை வெச்சு அவதான் முறுக்கி நிறுத்தினா. நான் பார்த்தேன்.’” ஒரு வார்த்தை பிசகவில்லை. இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் முதல் வாக்கியத்தை மறந்துவிடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் எழுதி அனுப்பிய பிள்ளை இவள்.

“அப்பா, அது நானா?”

“நீதான்டா.”

“வேற இருக்கா?”

“இருக்கு.”

“மைக்கில சொல்லு.”

“மைக் வேண்டாம்” என்றார். அவளைக் கிட்டே இழுத்து, காதோடு காதாக எதையோ சொன்னார். அவள் அசையாமல் கேட்டாள். முடித்ததும் “அப்புறம்?” என்றாள். அவர் யோசித்து இன்னொன்றைச் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகச் சொன்னதும் இல்லை அது. என் பையில் அந்த நோட்டு இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் தூரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். வெளியே நிறுத்தி வைத்திருந்த ஐந்து இருபது வண்டி பதினான்கு நிமிடம் தாமதமாக முதல் நடைமேடைக்குள் வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, அறிவிப்பே இல்லாமல் வந்து நின்றது.