சுமையாள்கள் கூச்சல்

...கூச்சல் என்று போட்டால் போதும்தானே, வசனத்தாளிலேயே ‘சுமையாள்கள் கூச்சல்’ என்றுதான் இருந்தது, அதை அப்படியே திரையின் அடியில் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள், பழைய வெள்ளைக்காரப் போர்ப் படம், இடுப்பளவு ஆற்றில் நம் நிறத்து ஆட்கள் பீரங்கியைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள், கரையில் குதிரைமேல் துரை, பெயர், காதலி, சாகும்போது நாலு வரி வசனம் எல்லாம் அவனுக்குத்தான்... காது கேளாதவர்களுக்காக வசனத்தை எழுத்தாகப் போடுவது அவள் வேலை, சரிபார்க்க உட்காருபவன் தம்பி, பிறவியிலேயே காது கேட்காதவன், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். அவன்தான் படத்தை நிறுத்தினான். “அக்கா, என்ன கூச்சல்னு போட்டிருக்க?” குழறலான அந்தக் குரல் அவளுக்குப் பழக்கம். “சும்மா கத்துறாங்கடா.” “இல்லையே, முன்னால நிக்கிறவன் பேசுறான். கால் வழுக்குதுண்ணே, கயித்த விட்டுராதீங்கன்னு சொல்றான்.”

பின்னால் ஓட்டிக் கேட்டாள், தண்ணீர் இரைச்சலுக்கு அடியில் தமிழ், தன் வீட்டில் பேசுகிற அதே தமிழ்... துரையின் ஒரு முணுமுணுப்பைப் பிடிக்கக் காலை முழுக்க மல்லுக்கட்டினாளே, இவர்களை ஏன் கேட்கவில்லை, தாளில் கூச்சல் என்றிருந்ததால் காதும் கூச்சல் என்றே எடுத்துக்கொண்டதா? முகம் எரிந்தது. முன்பு முடித்துக் கொடுத்த படங்களில் எத்தனை கூச்சல், காட்டில், கப்பல் தளத்தில், பதுங்குகுழியில்... அது மட்டுமா, கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது இவன் முழங்கையை இழுத்து என்ன, என்ன என்பான், ஒண்ணுமில்லடா, சும்மா பேசிக்கிறாங்க... ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அப்பாவின் உதடு தெரியாமல் இவன் தவித்தபோதும், அப்பா சொன்னது இவன் பெயரைத்தான், அழுகையை அடக்குகிற அவசரத்தில் ‘சும்மா முனகுறார்டா’ என்றாளே, அதை இன்றுவரை திருத்தினாளா?

கூச்சலை அழித்தாள். கால் வழுக்குதுண்ணே என்று அடித்தாள். தம்பி திரையைத் தொட்டான், கயிற்றின் கடைசியில் ஒருவன். “இவன் முதுகுதான் தெரியுது. இவன் என்ன சொல்றான்?” திரும்ப ஓட்டினாள், மறுபடியும், பீரங்கி முழக்கத்துக்குள் ஏதோ நீளமாகச் சொல்கிறான், யாரையோ கூப்பிடுகிறானா, வைகிறானா, தம்பி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியலடா. எனக்குக் கேட்கல” என்றாள். அவன் புருவம் உயர்ந்தது... இத்தனை வருஷத்தில் இவனிடம் ஒருதரம்கூட இப்படிச் சொன்னதில்லையோ?