ஈரலில் குடியிருந்தது

வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் சுவா சூ காங் மையவாடியிலிருந்து திரும்பியிருந்தார்கள். ஜைனப் தேநீர்த் தட்டுடன் கூடத்துக்கு வந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தணித்துக் கேட்டார்.

“ஈரல்ல கேன்சர்னா... மறைவா குடிச்சிருப்பாரோ?”

சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அவள் வாப்பா நெய்னா முகம்மது சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை.

குடிக்காதவருக்கு எப்படி என்று அவளும் டாக்டரிடம் கேட்டிருந்தாள். ஹெபடைட்டிஸ் பி என்றார் அவர். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம். பல வருடம் சத்தமில்லாமல் ஈரலில் தங்கி, சிலருக்கு மட்டும் புற்றில் முடியும். கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வாப்பாவுக்கு அதைக் கேட்டு வியப்பு தாங்கவில்லை.

“ஒரு கிருமியா கேன்சரக் குடுக்குது? இத்தன வருஷம் உள்ள உக்காந்து என்னதான் பண்ணுச்சு?”

“ஈரல் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகுமாம் வாப்பா. அப்படி ஆற ஆறத்தான் தப்பா வளர ஆரம்பிக்குதாம்.”

“ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வெல்டிங் வச்சா இரும்பு கெட்டுப்போகும். அது மாதிரி” என்றார். பிறகு, “தம்பிகிட்டச் சொல்லாத. எங்க உம்மா மேல பழி வந்துரும்” என்றார்.

தட்டை வைத்துவிட்டு ஜைனப் வெளியே வந்தாள். வாப்பாவின் தம்பி அப்துல் மஜீது அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தனியாக நின்றிருந்தார்.

“சாச்சா, நீங்க ஒரு ப்ளட் டெஸ்ட் எடுக்கணும்.”

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன் லா.”

“வாப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க.”

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப, எங்க உம்மா குடுத்ததா?”

“அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அவங்க மேல தப்பில்ல, சாச்சா.”

“எனக்கும் இருந்தா?”

“மருந்து இருக்கு. அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்.”

அவர் கம்பியை விட்டார். உள்ளே போய், கேள்வி கேட்டவரின் எதிரே உட்கார்ந்தார்.

“என் கூடப் பொறந்த நானா குடிச்சதில்ல. அது ஒரு வைரஸ். எனக்கும் இருக்கலாம்.”

கேட்டவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் பாலிகிளினிக்கில் ஊசி இறங்கியபோது அப்துல் மஜீது முகத்தைத் திருப்பவில்லை. குழாயில் ஏறும் ரத்தத்தையே உற்றுப் பார்த்தார்.

“பாத்தா ஒண்ணுமே தெரியலையே.”

தாதி சிரித்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். பேருந்தில் ஜைனப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் மடக்கிய கையை நீட்டவில்லை.