கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம்

...வெண்ணெய் இல்லை, வெண்ணெயை முதலிலேயே நிறுத்திப் பார்த்தாயிற்று, தேயிலையும் இல்லை, தேயிலை போடாமல் வெறும் பாலில் உப்புப் போட்டுக் குடித்த நாட்களிலும் தூக்கம் வராமல் கூரை விரிசலைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள், அப்படியானால் மிச்சம் இருப்பது ரொட்டி, ஆனால் ரொட்டியைச் சந்தேகப்படலாமா, பொய் சொன்னால் ரொட்டி என்னை அடிக்கட்டும் என்று சத்தியம் செய்கிற ஊரில் ரொட்டி மேலேயே பழி போட்டால் அது எந்தக் கணக்கில் சேரும்... ஹோசியாத் ஷிப்ட் பேருந்திலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிரே வருகிறார்கள், ஊரே எழுந்து முகம் கழுவும் நேரத்தில் அவள் படுக்கப் போகிறாள். இது ஒன்றும் புதிதில்லை, அமு நதியின் தண்ணீரை மேட்டுநிலத்துப் பருத்திக்கு ஏற்றிவிடும் பம்ப் நிலையத்தில் அவள் இரவில் மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பேனலில் உட்காரத் தொடங்கியபோது மகன் அஸீஸ் தவழ்ந்துகொண்டிருந்தான், இப்போது தாஷ்கண்டில் படிக்கிறான், அத்தனை வருஷமும் படுத்தால் கட்டையாகக் கிடந்தவள்தான், இந்த இலையுதிர் காலத்திலிருந்துதானே இந்தக் கேடு? மருத்துவமனையில் கேட்டதற்கு, "படுக்கப் போற நேரத்துல கனமாச் சாப்பிடாதீங்கக்கா, வெறும் வயித்தோடயும் படுக்காதீங்க" என்றாள் டாக்டர் பெண், இரண்டுக்கும் நடுவில் எது என்று கேட்டால் அவளும் சிரிக்கிறாள். சரி, நாமே பார்ப்போம் என்று ஹோசியாத் இறங்கிவிட்டாள், ஒரு நேரத்தில் ஒரு வால்வைத்தான் மூடிப் பார்க்க வேண்டும், இரண்டைச் சேர்த்து மூடிவிட்டால் கசிவு எதனால் நின்றது என்று சாகும்வரை தெரியாது, பேனலில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

விளையாட்டாகச் செய்கிற ஆராய்ச்சி என்றால் பரவாயில்லை, நாற்காலி போய்விடுமே. போன மாதம் ஒரு விடியற்காலையில் நாலாம் மோட்டாருக்குச் சூடு ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது அவளுக்குத் தெரியவில்லை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறாள், கீழ்த்தளத்தில் எண்ணெய் பார்க்கும் துர்சுனாய்தான் வாடை பிடித்து மேலே ஓடிவந்து உலுக்கினாள். தலைமைப் பொறியாளர் அவளைவிடச் சின்னவர், தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னார், "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன் அக்கா, இன்னொரு தரம் கண் அசந்துச்சுன்னா உங்களைக் கேட் ரூம்லதான் உக்கார வைக்கணும், எனக்கும் வேற வழி தெரியல". கேட் ரூம், டிராக்டர் வந்தால் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலை... ஆறு மோட்டாரும் ஒரே சுருதியில் ஓடும்போது பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நிம்மதி இருக்கிறதே, ஒரு நதியையே கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டவளைக் கம்பம் தூக்கச் சொன்னால் அவள் செத்துப்போவாள், அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, புருஷன் நோர்குலிடம் கூட. அவரிடம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை, எடுத்தால் அவர் செய்து வைக்கும் ஷிர்சாய் மேல் அல்லவா பழி விழும், காலையில் எழுந்து பாலைக் காய்ச்சித் தேயிலையும் உப்பும் வெண்ணெயும் போட்டு அதில் ரொட்டியைப் பிய்த்து ஊறவைத்துக் காத்திருக்கிற மனிதரிடம், உன் கிண்ணம்தான் என் தூக்கத்தைத் தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் திருட்டுத்தனமாகத்தான் ஆராய்ச்சி, வெண்ணெய் நெஞ்சைக் கரிக்கிறது என்றாள், தேயிலை வாய்ப்புண்ணுக்கு எரிகிறது என்றாள், அவரும் சரி சரி என்று மாற்றிக் கொடுத்தார், ஆனால் ரொட்டி வேண்டாம் என்று சொல்ல முடியுமா, விரித்த மேசைத்துணியில் ஒரு துண்டாவது வாயில் வைக்காமல் எழுந்தால் அது அவமதிப்பு, வந்த எதிரிகூட அதைச் செய்யமாட்டான். பிய்த்துப் பிய்த்து மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சரி, போட்டுக்கொண்டாய், அப்புறம்? ரொட்டியைக் குப்பையில் எறிய முடியுமா, காலில் படும்படி விட முடியுமா, பறவைக்கென்று உயரத்தில்தான் வைக்க வேண்டும், படுக்கையறைச் சன்னல் விளிம்பில் வைத்தாள், ஊரிலிருக்கிற சிட்டுக்குருவி அத்தனையும் சொந்தபந்தத்தோடு வந்து சன்னலில் சண்டை போட்டன, அந்த வாரம் ரொட்டி தின்றிருந்தாலும் தூங்கியிருக்கமாட்டாள், தின்னாமலும் தூங்கவில்லை. கெட்டிக்காரி ஆராய்ச்சி.

ஆனால் நோன்பு மாதத்தில் தூங்கினாளே, அதுதானே பெரிய சாட்சி. விடிவதற்கு முன் நிலையத்திலேயே துர்சுனாயோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவாள், வீட்டுக்கு வந்தால் மேசைத்துணி மடித்தே கிடக்கும், யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை, வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் சாப்பாட்டை மறுத்தாலும் மரியாதை, நோர்குலும் வாய் உலர்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவள் படுப்பாள், அவ்வளவுதான், மாலைத் தொழுகை அழைப்புதான் எழுப்பும். பெருநாள் முடிந்தது, ஷிர்சாய் திரும்பி வந்தது, தூக்கம் போயிற்று. இதைவிட என்ன வேண்டும், கிண்ணம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டியே வைத்திருந்தாள், இன்று காலை துர்சுனாய் வாயைத் திறக்கும்வரை.

கை கழுவும் இடத்தில்தான், சும்மா பேச்சுக்குக் கேட்டாள். நோர்குல் நகரத்துச் சந்தைக்கு ஆள் ஏற்றிப்போகும் சின்ன வேன் ஓட்டுகிறார், சாயங்காலக் கடைசி நடையில் துர்சுனாய் அதில்தான் வேலைக்கு வருவாள். அந்த வான்கோழிக்காரி கடைசியில் எங்கே இறங்கினாள் என்று கேட்டாள் ஹோசியாத். போன வாரம் நோர்குல் சொன்ன சங்கதி அது, ஒரு பெண் சாக்குக்குள் வான்கோழியோடு ஏறினாளாம், வண்டி ஓடினால் அது கம்மென்று இருக்குமாம், நின்றால் கத்துமாம், அண்ணே நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்க என்று அவள் கெஞ்ச, நிறுத்தம் ஒவ்வொன்றாகப் பின்னால் போக... மிச்சம் நாளைக்கு என்று எழுந்துவிட்டார், மறுநாள் வேறு கதை. துர்சுனாய் சோப்புக் கையோடு நின்று அவளைப் பார்த்தாள். "வான்கோழியா? அண்ணன் வண்டிலயா? ஏக்கா, அவரு வாய்ல பல்லு இருக்கான்னே எங்களுக்குத் தெரியாது. 'கதவைச் சாத்து'ன்னு ஒரு வார்த்தை, அதுக்கப்புறம் சந்தை வர்ற வரைக்கும் ஊமை. வான்கோழி ஏறியிருந்தா இந்த ஊரு ஒரு மாசம் பேசியிருக்காது?" அப்படியானால் காலைதோறும் கிண்ணத்துக்கு முன்னால் அவர் சொன்ன மற்றக் கதைகள், அந்தக் கறுப்புத்துணி மாப்பிள்ளை, தூங்கிப்போய்ப் பிணத்தோடு பிணமாக இடுகாடுவரை போன பயணி, எல்லாமே... பேருந்தில் வரும்போதெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தாள், கோபம் வருமா என்று பார்த்தாள், வரவில்லை, சிரிப்பும் முழுசாக வரவில்லை. அஸீஸ் தாஷ்கண்டுக்குப் போன பிறகு வீடு மூச்சற்றுப் போய், அவள் வேலை முடிந்து வந்து அப்படியே விழுந்து, சாப்பாடு மறந்து எலும்பும் தோலுமாக ஆனபோதுதான் இந்தக் கதைகள் ஆரம்பித்தன. அதற்கு முன்னால் இவர் பேசுகிற ஆளே இல்லையே. நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்களே, அதைத்தான் எனக்குச் செய்திருக்கிறாரா இந்த மனிதர்?

வீட்டுக்குள் நுழைந்தபோது நோர்குல் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு கயிறு. அவளைப் பார்த்ததும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "என்னங்க அது?" "சும்மா." மேசைத்துணி விரித்திருந்தது, கிண்ணத்திலிருந்து ஆவி வந்தது, வெண்ணெய் திரும்பவும் வந்து மிதந்தது, நெஞ்சுக்கரிப்பு போயிருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார் போல. உட்கார்ந்தாள், கரண்டியை எடுத்தாள், எடுத்ததும் அவர் ஆரம்பித்தார். "நேத்து ஒரு கெழவர் ஏறினாரு அஸீஸ் அம்மா, கையில கதவு." "கதவா?" "கதவுதான், நிலையோட. வண்டி மேல வச்சுக் கட்டினோம்." பொய், பொய், உன் வண்டிக் கூரையில் ஒரு மூட்டை வைத்தாலே தகரம் நெளியும், என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே, "எங்க எறங்கினாரு?" என்று கேட்டும் விட்டாள், கேட்ட பிறகு தன் மேலேயே வியப்பாக இருந்தது, பொய் என்று தெரிந்தும் எங்கே இறங்கினார் என்று தெரிந்தாக வேண்டியிருக்கிறதே, இது என்ன நோய்? "அதானே விஷயம். உப்புத்தரை இருக்குல்ல, ஒரு வீடுகூட இல்லாத எடம், அங்க நிறுத்துன்னாரு." கரண்டி தானாக வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை நாள் படுக்கையில் வயிறு கனத்துக் கிடந்தாளா, இல்லையே, வான்கோழியைப் பற்றி யோசித்துக்கொண்டு அல்லவா கிடந்தாள், நோன்பு மாதத்தில் சாப்பாடும் இல்லை கதையும் இல்லை, இரண்டு வால்வைச் சேர்த்து மூடிவிட்டுக் கிண்ணத்தின் மேல் பழி போட்டிருக்கிறாள், பேனலில் இத்தனை வருஷம் இருந்தவள், வெட்கக்கேடு.

இன்னொன்றும் உறைத்தது. கிண்ணத்தில் ஒரு வாய்தான் மிச்சம், நோர்குலின் கை தொப்பியை நோக்கிப் போகிறது. இவர் கதையை நிறுத்துவது கடிகாரத்தைப் பார்த்தா, கிண்ணத்தைப் பார்த்தா? அவள் வேகமாகச் சாப்பிட்ட நாட்களில் கதை சின்னது, வெண்ணெய் கரையட்டும் என்று மெதுவாகச் சாப்பிட்ட நாளில்தான் பிணத்தோடு போன பயணியின் கதை அத்தனை நீளம்... கரண்டியைக் கீழே வைத்தாள். பார்ப்போமே. தொப்பியிடம் போன கை திரும்பி வந்தது. "எறக்கினாரு... நிலையைத் தூக்கித் தரையில ஊணினாரு..." கண் கிண்ணத்துக்குப் போய்விட்டு வந்தது. "அப்புறம்?" "அப்புறம்... தெறந்தாரு." "தெறந்து?" "மூடினாரு." "மூடி?" "மறுபடி தெறந்தாரு." நெற்றியில் வியர்த்துவிட்டது மனிதருக்கு, வெளியே நிறுத்தத்தில் ஆள் காத்திருப்பார்கள், அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டியது, ஒரு பக்கம் அப்படியே எழுந்து போய் அந்த வியர்வையைத் துடைக்க வேண்டும் போல ஆசையாகவும் இருந்தது. "ஆறிப்போகுது பாரு, ஊறின ரொட்டிய மிச்சம் வைக்கக் கூடாது." "மூடினப்ப அவரு எந்தப் பக்கம் நின்னாரு?" நோர்குல் நிஜமாகவே யோசித்தார், அவர் யோசிப்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்தது எத்தனை நாளைக்கு அப்புறம்? "நீ சாப்பிடு, சொல்றேன்." சாப்பிட்டாள். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "நாளைக்கு."

ஏமாற்றிவிட்டார். படுத்தாள், சன்னலில் கறுப்புத்துணி, அறை இருட்டு, வயிறு இதமாகத்தான் இருக்கிறது, ஷிர்சாய் பாவம் ஒரு தப்பும் செய்யவில்லை, அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்... கறுப்புத்துணி. துணிக்கடையில் ஒரு கட்டுக் கறுப்புத்துணியை வாங்கி வண்டியில் ஏறிய மாப்பிள்ளையைப் பார்த்து யார் வீட்டில் சாவு என்று எல்லோரும் பதறினார்களாம், அந்தக் கதை வந்த கொஞ்ச நாளில்தானே, சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று இதைக் கொண்டுவந்து ஆணி அடித்தார்? வான்கோழி... பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலையிலிருந்து மத்தியானம்வரை தொண்டை கிழியக் கத்தும், இப்போது சத்தமே இல்லை, பெருநாள் குழம்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தாளே, அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரி ஏன் நோர்குலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்? ஐயோ, இவரும் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் கிண்ணத்துப் பக்கமிருந்து, இவர் சன்னல் பக்கமிருந்து, நான் தூங்காதது இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, வெளிச்சம், சேவல், இப்போது... தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வீடு கட்டியபோது அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட வாசல், கதவு இல்லை, பழைய திரைதான் தொங்குகிறது. கயிறு எதற்கு என்று இப்போது தெரிந்தது, கதவுக்கு அளவு எடுத்திருக்கிறார்.

நல்லதுதானே, கதவு வந்தால் தூங்கலாம், நாற்காலி பிழைக்கும். அவர் மூட மறந்த வால்வு ஒன்றே ஒன்று, அது அவரே, அதை அவள்தான் சொல்ல வேண்டும், நாளைக்கு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை, சொன்னால் மூடிக்கொள்வார், அப்படிப்பட்ட ஆள்தான், மாதக் கடைசிக்குள் அவள் பழையபடி கட்டையாகத் தூங்குவாள், ஆனால் அப்புறம் விழித்திருக்கிற நேரத்தில் என்ன இருக்கும்... திரைக்கு அந்தப் பக்கம் நோர்குல் கிண்ணத்தைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது, நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் கழுவுகிறார், செருமினார், வாசற்படி, வேன் இரண்டு தரம் மக்கர் செய்துவிட்டுக் கிளம்பிற்று. கதவு வந்துவிட்டால் இது எதுவும் கேட்காது. ஹோசியாத் எழுந்து திரையைத் தூக்கிச் சுவர் ஆணியில் மாட்டினாள், வெளிச்சம் கட்டில்வரை வந்தது, போகட்டும் இன்று ஒரு நாள், ராத்திரி கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டாவது உட்கார்ந்துவிடலாம், திரும்பப் படுத்தாள். வீடே இல்லாத உப்புத்தரையில் ஒரு கதவை நட்டு மூடினால் உள்ளே எது வெளியே எது, அந்தக் கிழவர் எந்தப் பக்கம்தான் நின்றார்... சாப்பிடு, சொல்றேன் என்றாரே, சொல்லாமல் போனது தெரியாமலா, இல்லை, அதை அவள் சொல்லட்டும் என்றா, இத்தனை நாளும் மிச்சம் நாளைக்கு என்று எழுந்து போனதெல்லாம்கூட, அந்த மிச்சத்தை அவள் ஒரு நாளாவது கேட்பாள் என்றுதானா?