ட்ரென்ட் தட்டாத படகு

விவாகரத்துத் தீர்ப்பில் ஏரி வீடு டார்சிக்குப் போனது, படகு ட்ரென்டுக்குப் போனது. வீடு டார்சியின் அப்பா கட்டியது, அதனால் அதில் வாதாட ஒன்றும் இல்லை. படகு இருவரும் சேர்ந்து வாங்கியது. ட்ரென்ட் அதைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கி, அந்த வாரமே டகோட்டாவிலிருந்து வந்த யாரோ ஒருவனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். அவனுக்குப் பணமுடை எதுவும் இல்லை. அந்தப் படகு இனி ஒருநாளும் அவள் துறையில் கட்டப்படக் கூடாது, அவ்வளவுதான்.

போன கோடை முழுக்க அந்த மரத்துறை வெறுமையாகக் கிடந்தது. கோடைக்கு அவளிடம் வந்த பிள்ளைகள் இரண்டும் அதன் நுனியில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் படகில் இடம் கேட்டுப் போய்விடும். ஆகஸ்ட் மாதம் மூத்தவள் மாரென் கைப்பையைக் காரில் எறிந்தபடி சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் இங்க வரல. வந்து என்ன பண்றது, மீனை எண்ணவா?"

அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதுப் பெண் வரமாட்டேன் என்றால் எந்த நீதிபதியாலும் அவளை இழுத்துவந்து துறையில் உட்கார வைக்க முடியாது. அக்கா வராத இடத்துக்குத் தம்பி ஓவனும் வரமாட்டான். படகு இல்லையென்றால் இந்தக் கோடையில் பிள்ளைகள் இல்லை. டார்சிக்கு அது கண்ணாடிபோலத் தெரிந்தது.

குளிர்காலம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டி, விடுமுறை நாட்களில் கூடைப்பந்துக் குழுக்களை ஊர் ஊராக ஏற்றிப்போய், ஆறாயிரம் டாலர் சேர்த்திருந்தாள். அந்தப் பணத்துக்குப் புதுப் படகின் ட்ரெய்லர்கூட வராது. பழையதுதான். பழையது வாங்க என்ஜின் தெரிந்த ஆள் வேண்டும், இழுத்துவரக் கொக்கி வைத்த வண்டி வேண்டும். அவளுக்குத் தெரிந்தவர்களில் இரண்டும் உள்ளவன் ட்ரென்ட் ஒருவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என் பிள்ளைங்க உட்காரப்போற படகு. அதுக்காக வர்றேன். உனக்காக இல்ல" என்றான்.

"எனக்காக நீ எப்போ எங்க வந்த?"

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உருகி முடிந்ததும் பார்க்க ஆரம்பித்தார்கள். ட்ரென்டின் பிக்கப்பில் அவன் சூரியகாந்தி விதையை மென்று காப்பிக் கோப்பையில் துப்பிக்கொண்டே ஓட்டுவான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். பழைய நாற்றம், பழைய வண்டி. அவள் உட்கார்ந்த இருக்கையை மட்டும் யாரோ பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள், கால் நீளமான யாரோ.

முதல் படகின் என்ஜினுக்குப் புதுசாகச் சிவப்புச் சாயம் அடித்திருந்தது. ட்ரென்ட் நகத்தால் சுரண்டினான். சாயத்துக்குக் கீழே பட்டி பூசிய கோடு ஒன்று நெளிந்து ஓடியது.

"குளிருக்கு முன்னாடி தண்ணிய வடிக்காம விட்டிருக்கான். உள்ளயே உறைஞ்சு வெடிச்சிருக்கு. அதுக்குப் பவுடர் பூசிப் பொண்ணு காட்டுறான்" என்றான், விற்பவனின் காதில் விழும்படியே.

இரண்டாவது படகில் தரை அவள் காலடியில் ஈர ரொட்டிபோல அமுங்கியது. மூன்றாவதில் அவன் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, என்ஜின் தொங்கும் பின்பலகையைக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனான். டக், டக், டக், பிறகு தொப்.

"இங்க வா. காதை வை. இது கட்டை, இது களி. என்ஜினைப் போட்டு முறுக்கினா பலகையோட பிச்சுக்கிட்டுப் போகும்."

அவன் சொன்னது மூன்று முறையும் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வருகையில் அதைச் சொல்லிச் சொல்லியே வந்தான்.

"நான் இல்லன்னா இதை வாங்கிட்டுப் போய், ஏரி நடுவுல பிள்ளைங்களோட முங்கியிருப்ப. பஸ் ஓட்டத் தெரிஞ்சா எல்லாம் தெரியும்னு நெனப்பு."

"உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடி இப்படித் தட்டிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரல."

நான்காவது படகு பிரெய்னர்டு ஊருக்கு வடக்கே, ஒரு மண்பாதையின் முடிவில் இருந்தது. வாசலில் ஒரு பலகை: 'சும்மா பார்க்க வருகிறவர்கள் அப்படியே திரும்பவும்.' விற்பவர் விர்ஜில் ஹால்வர்சன். எழுபதைத் தாண்டிய மனிதர், பெண்டாட்டி போனபின் யாரிடமும் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"விலை போட்டிருக்கறதுதான். பேரம் பேசணும்னா வண்டியை இப்பவே திருப்புங்க. என்ஜின் மேல கை வச்சுப் பாரு, சில்லுனு இருக்கா? நீங்க வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

என்ஜின் சூடேறாமல் இருக்கத் தோட்டக் குழாயைக் கீழே மாட்டித் தண்ணீர் விட்டு, சாவியைத் திருப்பினார். இரண்டாம் உருட்டலில் என்ஜின் பிடித்தது. சீராக ஓடியது. படகுக்கு இருபத்தைந்து வயது. பக்கவாட்டில் ஊதாவும் ரோஸுமாகப் பட்டை. இருக்கை ஒன்று கிழிந்திருந்தது, அதன் அடியில் எலி குடும்பம் நடத்திய தடயம் இருந்தது. ஆனால் முன்பக்கம் பிள்ளைகள் உட்கார இடம் இருந்தது, தண்ணீரில் சறுக்குகிறவர்களை இழுக்கும் கயிற்றைக் கட்டக் கம்பம் இருந்தது, டார்சியின் பணத்துக்குள் அடங்கியது.

ட்ரென்ட் எதுவும் பேசவில்லை. கீழே குனிந்தான், எழுந்தான், டார்சிக்கும் பின்பலகைக்கும் நடுவே நின்று கையைத் துடைத்தான். "யோசிச்சுட்டுச் சொல்றோம்" என்றான் கிழவரிடம்.

"யோசிக்கறதை வீட்டுலயே முடிச்சுட்டு வரணும்" என்றார் அவர்.

வண்டியில் ஏறியதும் சொன்னான். "அடியில இருக்கற மரச்சட்டம் பூரா உளுத்துப்போச்சு. கிழவன் மேல புதுப் பாய் ஒட்டி மறைச்சிருக்கான். நெனச்சே பார்க்காத."

"பார்த்தா நல்லாத்தானே இருந்தது?"

"நானும் பார்த்தா நல்லாத்தான் இருப்பேன்" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். டார்சி சமையலறையில் மாட்டிறைச்சிக் கொத்தின்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்று அவன் வாயைத் திறந்து மட்டம் தட்டவில்லையே என்று தோன்றியது. விற்பவனை அவன் முகத்துக்கு நேரே அவமானப்படுத்துகிற ருசியை ட்ரென்ட் விட்டதே இல்லை. கிழவரை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. அப்புறம் ஸ்க்ரூடிரைவர். அது அவன் பின்பாக்கெட்டிலேயே இருந்தது. வெளியே வரவே இல்லை.

அவன் தட்டவில்லை. தட்டியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும்.

கையைக்கூடக் கழுவாமல் காரை எடுத்தாள். ஒரு மணி நேரப் பாதை. மண்பாதை முடிவில் ட்ரென்டின் பிக்கப் நின்றது. படகின் ட்ரெய்லர் அதன் கொக்கியில் ஏற்கனவே மாட்டப்பட்டிருந்தது. ட்ரென்ட் பாதுகாப்புச் சங்கிலியைக் கோர்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒருவகை நிம்மதி, தான் பைத்தியம் இல்லை என்று.

"மத்தியானம் உளுத்துப்போச்சுன்ன. அதுக்குள்ள துளிர் விட்டுடுச்சா?"

அவன் திடுக்கிட்டான், ஆனால் சங்கிலியை விடவில்லை. "நீ வேண்டாம்னுட்டுப் போன. விக்கறதை யாரும் வாங்கலாம்."

"வாங்கி எங்க கட்டுவ? உன் அபார்ட்மென்ட் குளியல் தொட்டியிலயா?"

"உன் ஏரியிலதான். அக்கரையில கேம்ப்ல இந்த சீசனுக்கு இடம் எடுத்திருக்கேன். துறையோட. உன் வீட்டுலேர்ந்து பார்த்தாலே தெரியும். பைனாகுலர் வேணும்னா நானே வாங்கித் தர்றேன்." அவன் நிமிர்ந்து நின்றான். "மாரெனுக்குப் போட்டோ அனுப்பிட்டேன். குதிக்கிறா. இனிமே நீ அங்க தனியா உட்கார்ந்து உங்கப்பா ஞாபகத்தை ஆற அமரக் கொண்டாடலாம்."

டார்சி அவனைத் தாண்டிக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். கிழவர் படகின் உரிமையை மாற்றிக்கொடுக்கும் அட்டையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பேனா மூடியோடு இருந்தது.

"மிஸ்டர் ஹால்வர்சன், நீங்க கேட்ட விலைக்கு நான் வாங்கிக்கறேன்."

"உன் புருஷன் வாங்கியாச்சு."

"அவன் என் புருஷன் இல்ல. உங்க படகு உளுத்துப்போனதுன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போனவன். பாய் ஒட்டி மறைச்சு ஊரை ஏமாத்துறீங்கன்னு சொன்னான்."

கிழவர் நின்றார். "யார் மறைச்சது?"

"அவ பொய் சொல்றா" என்றான் ட்ரென்ட். "இப்படியொரு படகை நான் பார்த்ததே இல்லைன்னு உங்ககிட்டயே சொன்னேனே."

"சொன்ன. அது எனக்குச் சொன்னது. இவளுக்கு என்ன சொன்ன?"

"இவ பேச்சைக் கேட்டீங்கன்னா..."

"உன் பின்பாக்கெட்ல இருக்கறதை எடு" என்றாள் டார்சி. "தட்டு. அவர் முன்னாடி, என் முன்னாடி. களின்னு வந்தா நான் போயிடறேன்."

அவன் எடுக்கவில்லை. கிழவர் தன் முஷ்டியாலேயே தட்டினார். பின்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கதவை இடிக்கிற மாதிரி. டக் டக் என்று ஒரே சத்தம், கடைசிவரை. பிறகு படகுக்குள் ஏறிப் பாயின் ஓரத்தைப் பிய்த்து இழுத்தார். அடியில் மரச்சட்டம் மஞ்சளாக, காய்ந்து, கெட்டியாக இருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி என் கையால மாத்தினது. முட்டி தேஞ்சு போச்சு." கீழே இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. ட்ரென்ட் கை கொடுக்கப் போனான். "தொடாதே. சங்கிலியைக் கழட்டு."

"நான் பணம் எண்ணிக் குடுத்தாச்சு."

"அதோ மேசை மேல இருக்கு. எடுத்துக்க. என் வேலையை உளுத்ததுன்னவனுக்கு இங்க விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு விக்காம இவளுக்கு வித்தா, இவ என்ன செய்வா? இவ கார்ல கொக்கியே இல்ல! தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போவாளா?"

கிழவர் டார்சியைத் திரும்பிப் பார்த்தார். அதில் அன்பு ஒன்றும் இல்லை. "நீயும் அவன் சொன்னதைக் கேட்டுட்டுப் போனவதானே? குனிஞ்சு பார்க்க உனக்கு இடுப்பு இல்ல?"

"இருந்தது. குனியல."

"நாளைக்கு நானே இழுத்துட்டு வந்து விடறேன். டீசல் காசு தனி."

ட்ரென்ட் சங்கிலியைக் கழற்றி எறிந்தான். வண்டியில் ஏறியவன் உடனே கிளம்பவில்லை. ஜன்னலை இறக்கி, போனை எடுத்து, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாரென், செல்லம், அப்பா ஸாரி. படகு இல்ல. உங்கம்மா வந்து என் கையிலேர்ந்து புடுங்கிட்டா... ஆமா... இல்ல, அழாத."

ஜூன் கடைசியில் பிள்ளைகள் ஏரி வீட்டுக்கு வந்தார்கள். கேம்பில் ட்ரென்ட் எடுத்த துறை காலியாகத்தான் இருந்தது. மாரென் வந்தது படகுக்கு. அதை அவள் ஒளிக்கவில்லை. ஊதாப் பட்டையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "நகப்பூச்சு பாட்டில் மாதிரி இருக்கு."

"ஏறு."

"அப்பா படகுல அப்பா இல்லாம ஏற அசிங்கமா இருக்கு."

"இது அப்பா படகு இல்ல."

"அவர் வாங்கினது. நீ திருடினது." உயிர்க்கவசத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சத்தம் வரும்படி மாட்டிக்கொண்டாள்.

டார்சிக்குச் சொல்ல நிறைய இருந்தது. முழுக் கதையையும் சொல்லலாம். சொன்னால் அது ட்ரென்ட் வண்டியில் உட்கார்ந்து பேசியதன் மறுபாதியாக இருக்கும், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினாள்.

பின்னோக்கி உட்கார்ந்து அக்காவைப் பார்த்துச் சொல்வது ஓவனின் வேலை. கயிற்றின் மறுமுனையில் மாரென் முதல் இழுப்பிலேயே சறுக்குப் பலகைகளின் மேல் எழுந்து நின்றாள். இரண்டு வருடத்தில் கால் நீண்டிருந்தது, முதுகு ட்ரென்டுடையது. சறுக்குகிறவர்கள் கட்டைவிரலை உயர்த்தினால் இன்னும் வேகம், தாழ்த்தினால் போதும்.

"வேகமாங்குறா" என்றான் ஓவன்.

டார்சி வேகப் பிடியைத் தள்ளினாள்.

"இன்னுமாம்."

தள்ளினாள். கிழவரின் சட்டங்கள் ஒரு முனகல்கூட இல்லாமல் அலையை வாங்கின. ஏரிக்கரை வீடுகள் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின.

"அம்மா, இன்னுமாம்."

"அவ தாங்கமாட்டா."

"விரலைத் தூக்கிக்கிட்டே இருக்கா."

கடைசிவரை தள்ளினாள். ஓவன் கத்தினான். திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் ஒரு வெள்ளைக் கிழிசல்தான் இருந்தது. கயிற்றின் பிடி வெறுமனே குதித்துக்கொண்டு வந்தது.

விழுந்தவர்கள் ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். உயிரோடிருக்கிறேன், அடிபடவில்லை என்று அர்த்தம். நடக்கப் பழகும் வயதில் ஏரிக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது அது. மாரெனுக்குக் கற்றுத்தந்தது டார்சிதான். தூரத்தில் உயிர்க்கவசத்தின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. கை தெரியவில்லை.

"கை தூக்கினாளா?"

"இல்ல."

"நல்லாப் பாருடா!"

"தூக்கலம்மா."

படகைத் திருப்பினாள். கிட்டே வந்து என்ஜினை அணைத்துப் பக்கத்தில் மிதக்கவிட்டு எட்டிப் பார்த்தாள். மாரென் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. உதட்டில் லேசான இரத்தம். நேராக அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா வருவதை முழுக்கப் பார்த்திருந்தாள்.

"கையைத் தூக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

அவளை ஓங்கி அறைய வேண்டும் என்று டார்சிக்கு இருந்தது. கையைப் படகின் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாரென் அந்தக் கையைப் பார்த்தாள். உதட்டு இரத்தத்தைத் தண்ணீரில் கழுவினாள். ஏணிப் பக்கம் வரவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள். "கயிறைப் போடு."

"ஏறு மேல. வீட்டுக்குப் போலாம்."

"நான் போகல. கயிறைப் போடு."

டார்சி கயிற்றைச் சுருட்டி எடுத்து, மகளின் முகத்துக்கு மிக அருகில் விழும்படி எறிந்தாள். மாரென் ஒரே கையால் அதைப் பிடித்தாள்.