175 இல்லாத வரிசை

"வாத்தியாரே, 735-ஐப் பகா எண்களா வகுத்து உடைச்சா 3, 5, 7 தானே வருது, 7 மட்டும் ரெண்டு தடவை? எண்ணோட இலக்கமும் அதே 7, 3, 5 தான். இது மாதிரி வேற எண் இருக்கா?"

சுரங்க ஊரான ஓருரோவின் பள்ளியில் ஃபெலிசா இதைக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது.

"நீயே தேடிப் பாரு," என்றார் ஆசிரியர் தோன் எவாரிஸ்தோ.

மறுநாள் அவள் 175-ஐக் கொண்டுவந்தாள். 5, 7, கூடவே 1. ஒன்று பகா எண் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

காலம் ஓடியது. எண் பித்தர்கள் தாங்கள் கண்ட வரிசைகளைப் பதிந்துவைக்கும் இணையத் தொகுப்பு ஒன்றில் ஃபெலிசா சம்பளமில்லாமல் சரிபார்த்து வந்தாள். ஒருநாள் ஒரு பழைய பதிவு அவள் முன் வந்தது. 175, 735, 3792... கண்டவர்: எவாரிஸ்தோ கோண்டோரி. அவள் பெயரைக் காணோம். அவள் செய்த தப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கூடச் சரிபார்க்கும் ரெமிஹியோ போனில் சிரித்தான். "முதல் எண்ணே கோளாறு. பதிவையே தூக்கிரலாம் ஃபெலி. அந்தாளுக்கு இதை விட்டா வேற பதிவும் கிடையாது."

"தெரியும். எங்க வாத்தியார்."

"அப்ப நீயே தூக்கு. பரீட்சைல போட்ட முட்டைக்குப் பழி வாங்கு."

"முட்டையெல்லாம் போடல. என் கேள்வியத்தான் எடுத்துக்கிட்டார்."

அவன் சிரிப்பு நின்றது. "அப்ப உன் பேரைப் போட்டுக்க. யாரு கேக்கப் போறா?"

"நான் பாத்துக்கறேன்," என்று போனை வைத்தாள்.

போன வாரம்தான் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பார்வை போய்விட்டது; அவளை அடையாளம் தெரியவில்லை. வருகிற எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்: "அந்தத் தொகுப்புல என் பேர் இருக்கு, பாரும்மா. பஸ்ஸுக்கு நின்னப்ப தோணினது."

ஃபெலிசா அவர் பெயரை அழித்துத் தன் பெயரை அடித்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்பாவைச் சுரங்கம் விழுங்கிய வருடம் நினைவுக்கு வந்தது. இடைவேளைதோறும் அவள் பையில், காகிதத்தில் சுற்றிய பாதி சால்தேன்யா என்னும் இறைச்சி அப்பம் இருக்கும், இறைச்சிச் சாறு இன்னும் சூடாக. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் தோன் எவாரிஸ்தோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மறு பாதியைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள். அதைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கேள்வியைத் திருடியதும் பசியைக் கண்டதும் அதே மனிதர். ஆண்டவர் ஏன் இப்படிக் கலந்து படைத்தார் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

கசப்பு அப்படியே இருந்தது. அவர் பெயரைத் திரும்ப அடித்தாள். 175-ஐ எடுத்தாள். வரிசை 735-இல் தொடங்கியது. திருத்தியவர் தன் பெயரைக் கீழே இடுவது அங்கே வழக்கம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தாள்.