இராயப்பருக்கு முகம் வைத்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் டயர் காற்றுப் போய், யூட்டின் படகுக் கொட்டிலில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்ததில் கிடைத்தது. கலியாணச் சாப்பாடு போய்விட்டது. கதையாவது மிஞ்சட்டும்.

(யூட் அவனுடைய உண்மைப் பெயரல்ல. "யூட் எண்டு போடுங்க நானா, வடிவான பேரு" என்று அவனே தெரிவு செய்தான். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "அலைகள் ஆர்ப்பரிக்கும் அந்த அதிகாலையில், காலத்தை வென்ற சிற்பமொன்று..."

வேண்டாம். யூட் சிரிப்பான்.

இரண்டாம் முயற்சி: யூட் ஃபைபர் படகு செய்பவன். ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவன். அவனுடைய பூட்டன் சவிரியான் ஒரு பலகையில், மீனவராயிருந்து இயேசுவின் சீடரான புனித இராயப்பரைப் புடைப்பாகச் செதுக்கி, அந்தக் கரையின் சிற்றாலயச் சுவரில் பதித்தார். கடலுக்குப் போகிறவர்கள் இராயப்பரின் முகத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். எண்பது வருடத் தடவலில் கண், மூக்கு, வாய் எல்லாம் போய், முகம் தேங்காய்ச் சிரட்டை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. கீழ்மூலையில் கறையான் வேறு.

பழையதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டுச் சுவரில் நகல் வைப்பதென்று ஆலயச் சபை முடிவெடுத்தது. படகுக்கு அச்சு எடுக்கிறவன் யூட். சவிரியானின் இரத்தமும் அவன்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கரையில் முதல் தடவையாக அவனுடைய வாந்தியைத் தவிர வேறொன்றைப் பற்றி ஆட்கள் கதைத்தார்கள்.

3

நகல் அச்சொட்டாக வந்தது. வலை, கையிலிருந்த மோட்ச வாசல் திறப்பு, கறையான் ஓட்டை, முகமில்லாத முகம்.

"புதுசுக்கும் முகம் இல்லையெண்டா பிறகென்ன தம்பி புதுசு?" என்றார் சபைத் தலைவர் நிலுக்சன்.

பார்த்துச் செய்ய ஒரு முகம் வேண்டுமே. கொட்டிலில் இருந்தது மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றுதான்; அதில் தெரிந்ததைப் பார்த்தே செய்துவிட்டான். நான் போன அன்று காலையில்தான் சபையார் கொட்டிலுக்கு வந்து நகலை மூடியிருந்த துணியை விலக்கியிருக்கிறார்கள். இராயப்பரின் இடத்தில் யூட்டே தாடி வைத்து, திறப்போடு நின்றிருக்கிறான்.

"இவன்ட மூஞ்சயத் தடவிட்டுப் போனா மீன் படாது, சத்திதான் வரும்" என்றாராம் ஒருவர், வாந்தி எடுப்பதுபோல் வாயைப் பொத்திக் காட்டி. ஒருவரும் கை வைக்கவில்லை. நாளைத் திருநாள் கொடியேற்றத்துக்குள் முகத்தைத் தேய்த்து அழிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் நிலுக்சன். இதைச் சொல்லும்போது யூட்டின் கண் கலங்கியது. எனக்கும் பாவமாக இருந்தது.

4

கருவாட்டு வாடி நடத்தும் எமல்டா மாமி அப்போது உள்ளே வந்தார். யூட்டின் அப்பாவின் தங்கை.

"நீ என்ன புதுசாவா செஞ்ச மகன்? பூட்டனும் கண்ணாடியப் பாத்துத்தான் செதுக்கின. அவரும் கடல்ல சத்தி எடுத்த ஆள்தானே. அந்த மூஞ்சய அழிக்கத்தான் அண்டைக்கு ஆக்கள் தேய்க்கத் தொடங்கின. பிறகு அது பக்தியாப் போச்சு."

இந்த இடத்தைப் படித்த என் மனைவி முஃபீதா கேட்டாள்: "அவ சொன்னதா, நீங்க சொல்ல வச்சதா?"

சரி. மாமி "கண்ணாடியப் பாத்துத்தான் செதுக்கின" என்பதோடு நிறுத்திவிட்டார். மிச்சம் என்னுடையது. வழவழவென்று ஓர் இடம் கிடைத்தது, நானும் என் மூக்கை வைத்துவிட்டேன்.

5

புறப்படும்போது யூட் சாண்ட்பேப்பரோடு நகலுக்கு முன்னால் நின்றான்.

"நீங்க எண்டா என்ன செய்வீங்க நானா?"

நான் தில்லையடி முஸ்லிம், உருவ விஷயத்தில் எங்களிடமா யோசனை கேட்பது என்று தப்பித்துக்கொண்டேன்.

அழிக்கிற முடிவொன்று எழுதினேன். [யூட் கண்ணை மூடிக்கொண்டு மூக்கில் முதல் தேய்ப்பை...] அடித்துவிட்டேன். அழிக்காமல் விடுகிற முடிவில் அந்த முகத்தை முதலில் தடவ ஒரு கை வேண்டியிருந்தது. என்னிடம் இல்லை.

வாசிக்கிற உங்களிடம் இருக்கிறது. விடிந்துவிட்டது, கொடி ஏறப்போகிறது, படகைத் தள்ள வேண்டும். பழைய முகம் அழிய எண்பது வருடம் எடுத்தது. இதற்கும் முதல் கையை யாராவது வைக்கத்தான் வேண்டும். கோபத்தில் தேய்த்தாலும் சரி, பக்தியில் தடவினாலும் சரி. ஆலய வாசலில் நின்று பார்க்கிற யூட்டுக்கு வித்தியாசம் தெரியாது.