பத்து மணி ஒலிபரப்பு

அந்த நாளில் மலாக்காவில் காஜா பெராங் சடக்குக்கு, அதாவது அந்தத் தெருவுக்கு, இரண்டு வானொலிகள் இருந்தன. ஒன்று ரேடியோ மலாயா. அதைக் கேட்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். மற்றது ராஜரத்தினம். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். காலை பத்து மணிக்கு அப்துல் கய்யூம் கடையில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ராஜரத்தினம் எதிரே இருந்த சேதுராமன் ரேடியோ கடையில் ரிப்பேர் பார்க்கிறவன். கடை விஜயாவுடையது. அவள் அப்பா சேதுராமன் செத்துப்போனபோது புக்கிட் ரம்பாயிலிருந்து சொந்தக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கடையை விற்று, இவளை எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு பஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் விஜயா கடைப்பலகைகளைக் கழற்றி வைத்துக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். பட்டாள ஏலத்தில் எடுத்த ஹெட்போன்கள், கையில் தூக்கிக்கொண்டு போகிற போர்ட்டபிள் ரேடியோக்கள், அவற்றுக்குப் பேட்டரிகள். இவ்வளவுதான் சரக்கு. அலமாரி அளவு ரேடியோ வேண்டும் என்கிற பணக்காரர்கள் டவுனுக்குள் பெரிய கடைகளுக்குப் போய் ஏமாந்துகொள்ளலாம்.

கடைக்கு ஒரே ஒரு தொல்லை, மாடியில் குடியிருந்த வீட்டுக்கார நோன்யா, மலாய் பேசும் சீனத்து அம்மாள். கீழே ஸ்பீக்கர் லேசாக இருமினாலே அந்த அம்மாள் மரக்கட்டைச் செருப்பால் பலகைத் தரையை இடிப்பார். ஒருதரம் இடித்த இடியில் இரண்டு வால்வுகள் உடைந்தன. அதனால் எந்த செட்டைச் சோதித்தாலும் ஹெட்போனில்தான் சோதிக்க வேண்டும் என்பது கடைச் சட்டமானது.

பட்டாளத்து ஹெட்போன் லேசுப்பட்டதல்ல. டாங்கி இரைச்சலுக்கு நடுவே சிப்பாய்க்குக் காது கேட்பதற்காகச் செய்தது. இரண்டு பக்கமும் தடித்த ரப்பர் மெத்தை. மாட்டிக்கொண்டு பாட்டையும் வைத்துவிட்டால் தன் குரல் தனக்கே கேட்காது. ராஜரத்தினத்துக்கோ வேலை செய்யும்போது தனக்குத்தானே முணுமுணுக்கும் பழக்கம். முணுமுணுப்பதாகத்தான் அந்த அப்பாவி நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில், சடக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேட்கிற மாதிரி கத்தினான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டால் அவனுக்குக் குரலே கிடையாது. பசியாறியாச்சா என்று கேட்டால், அவன் சொல்லும் பதிலைப் பிடிக்கக் காதை அவன் வாய்க்குள் விட வேண்டும்.

இதை விஜயா கண்டுபிடித்தது, போஸ்டாபீஸில் கணக்கெழுதும் கிராணி நல்லையாவுக்கு ஒரு பச்சை போர்ட்டபிளை விற்றுக்கொண்டிருந்தபோது.

"ஜெர்மன் சரக்கு, கிராணியாரே. ஒருக்கா வாங்கினா ஒங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் பாடும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. உள்மேசையிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது.

"அந்தப் பச்ச டப்பா தேறாது. ரெண்டாவது வால்வு எப்பவோ செத்துருச்சு. இத எந்தக் கேணையன் தலையில கட்டப் போவுதோ நம்ம மொதலாளி!"

நல்லையா பச்சை டப்பாவைப் பூப்போல மேசைமேல் வைத்தார். ஹெட்போன் வயராலேயே ராஜரத்தினத்தின் கழுத்தை நெரித்தால் என்ன என்று விஜயாவுக்குத் தோன்றியது. ஆனால் நல்லையா எழுந்து போகவில்லை. பக்கத்திலிருந்த சிவப்பைக் காட்டி, "இதப் பத்தி அவரு என்னா சொல்றாருன்னு கேட்டுட்டுப் போறேன்மா" என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டார். சிவப்புக்கு நல்ல பேர் வந்தது. வாங்கிக்கொண்டு போனார்.

அதிலிருந்து கடை பிடித்தது பார், ஒரு ஓட்டம். விற்கிறவள் வாயை எவன் நம்புவான்? தான் பேசுவது வெளியே கேட்கிறது என்று தெரியாதவன் வாயை எல்லோரும் நம்பினார்கள். பத்து மணிக்குக் கூட்டம் சேரும். எந்த செட்டை ராஜரத்தினம் பாராட்டினானோ அது பதினொரு மணிக்குள் போய்விடும். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கமிருந்தும் பத்து பெரெண்டாம் ஊரிலிருந்தும்கூட ஆள் வந்தார்கள். மாடி நோன்யா ஜன்னலில் தலையை நீட்டி, என்ன சொன்னான் என்று மலாயில் கேட்பார். கய்யூம் கோப்பியை ஆற்றிக்கொண்டே மொழிபெயர்ப்பார். இந்த இரைச்சலுக்கு மட்டும் அந்த அம்மாள் செருப்பைத் தொட்டதில்லை.

ரேடியோவோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. "கய்யூம் பாய் கோப்பியில சட்டி கழுவுன தண்ணிதான் தூக்கலா இருக்கு" என்று ஒருநாள் அறிவித்தான். கடை நிறைய ஆள் இருந்தார்கள். மறுநாளிலிருந்து கோப்பி திக்காக வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது என்று சடக்கு முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது, "வெள்ளக்காரன் போறது சரிதான், செத்த பேட்டரியெல்லாம் நம்ம தலையில கட்டிட்டுல்ல போறான்" என்றான். கொடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஒலிபரப்பு நின்றுபோகும். அந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்ள ஊரில் யாருக்கும் துணிச்சலில்லை.

விஜயாவும் வியாபாரத்துக்காகத்தான் முதலில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு காரணம் மாறியது.

"இன்னிக்கு ஊதாச் சேல" என்றது ஒரு காலை ஒலிபரப்பு. "அதக் கட்டிட்டு அந்தப் பொண்ணு முன்னால நடந்தா, நமக்கு ஈயம் செட்டுல ஊத்துதா கையில ஊத்துதான்னே தெரிய மாட்டேங்குது."

விஜயா கல்லாப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். எதிர்க்கடையில் பத்துப் பேர் ஒன்றாக இருமினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அடுத்த நாளும் ஊதாச் சேலைதான் கட்டினாள். அதற்கடுத்த வாரமும். துவைத்துத் துவைத்து அது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் தனக்குள் நேராகவே சொல்லிக்கொண்டாள். இவனும் நேரில் வந்து சொல்வான் என்று காத்திருந்தாள். நேரில் அவன் சொன்னதெல்லாம் "சரிங்க மொதலாளி" மட்டுந்தான்.

இப்படியே இரண்டு வருஷம் போயிருக்க, ஜூலைக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பெனி ஏஜெண்டு காரில் வந்து இறங்கினான். வால்வே இல்லாத புது ஜப்பான் செட்டு வருகிறதாம். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ராஜரத்தினத்தின் கைவேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தவன், "எங்க ஒர்க்ஷாப்புக்கு வாங்க. திங்கக்கெழம இந்தப் பக்கமா வரேன், பெட்டியோட நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் பத்து மணிக்குக் கய்யூம் கடையில் உட்கார இடமில்லை.

"போவலாமா? போனா நல்ல வேல" என்றான் ராஜரத்தினம், காதில் யாரோ பாடுகிற பாட்டோடு. "இங்க என்ன இருக்கு? அந்தப் பொண்ணு இருக்கு. அது ஒரு வார்த்த இருங்கன்னு சொன்னா நான் எதுக்குச் சிங்கப்பூரு போறேன்? ஆனா அது எங்க சொல்லப் போவுது. நம்மளக் கண்டா பேட்டரி எத்தன இருக்குன்னுதான் கேக்கும்."

சடக்கே திரும்பி விஜயாவைப் பார்த்தது. அவள் பேட்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

அன்று பகல் கூட்டம் கலைந்ததும் அப்துல் கய்யூம் கைத்துண்டை உதறிக்கொண்டு சடக்கைத் தாண்டி வந்தார். ராஜரத்தினம் சாப்பிடப் போயிருந்தான்.

"தங்கச்சி, அந்த ஒரு வார்த்தையச் சொல்லிப்புடும்மா. மனுசன் தவிக்கிறான்ல."

"எப்படிப் பாய் சொல்றது? அவரு மனசுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே. ரெண்டு வருசமா நீங்க கத்துறத ஊரே கேட்டுச் சிரிச்சுதுன்னு சொல்லவா? அப்பறம் அந்த மனுசன் சிங்கப்பூருக்கும் போவ மாட்டாரு, நேரா மலாக்கா ஆத்துலதான் போய்க் குதிப்பாரு."

கய்யூம் யோசித்துப் பார்த்தார். "வேற எதாச்சும் சொல்லி நிறுத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஜயா வேறெதையாவது சொல்லித்தான் பார்த்தாள். "சிங்கப்பூர்ல கொசு ஜாஸ்தியாமே" என்றாள். "சரிங்க மொதலாளி" என்றான். "ஜப்பான் செட்டெல்லாம் ஒரு மாசம்கூடத் தாங்காதாம்" என்றாள். அதற்கும் சரிங்க மொதலாளிதான். சனிக்கிழமை பொறுக்க முடியாமல், "ஒங்களுக்கு இங்க என்னா கொறச்சல்?" என்று எரிந்துவிழுந்தாள். அவன் பயந்துபோய், குறை ஒன்றுமில்லை என்று ஏதோ காற்றில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள். இவன் போய்விட்டால் கடை போகும் என்பதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. இவன் போய்விடுவான் என்பதுதான் முதலாவதாக நின்றது.

திங்கட்கிழமை ராஜரத்தினம் தகரப்பெட்டியோடு வந்தான். பெட்டியைக் கடைக்குள் வைத்துவிட்டு, பாதியில் நின்ற ஒரு செட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பற்றவைக்கிற கம்பியைச் சூடாக்கினான். ஈயம் வைக்கிற வேலைதான், ஹெட்போன் மாட்டவில்லை. பத்து மணி ஆயிற்று. எதிர்க்கடையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒலிபரப்பு வரவில்லை.

அப்போதுதான் விஜயாவுக்கு அந்த யோசனை வந்தது. அவன் பேசுகிற மாதிரியே தானும் பேசிவிட்டால் என்ன? தனக்குள் முணுமுணுக்கிற மாதிரி, அவன் மேசை வரைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி. இவளும் நம்மைப் போல முணுமுணுக்கிறவள்தான் போலிருக்கிறது, பாவம், வெளியே கேட்டுவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். யாருக்கும் அவமானமில்லை.

கல்லா மேசையில் ஒரு போர்ட்டபிளை எடுத்து வைத்து, ஹெட்போனைச் செருகி மாட்டிக்கொண்டாள். சும்மா மாட்டியிருப்பது தெரிந்துவிடக் கூடாதே என்று திருகைத் திருப்பினாள். அங்கேதான் கெட்டது காரியம். ரேடியோ மலாயாவில் நாதசுரமும் தவிலும் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தன. கூச்சம் தாங்காமல் கண்ணையும் மூடிக்கொண்டாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, பேசத் தொடங்கினாள்.

"போறாராம் சிங்கப்பூருக்கு. போவட்டும், நல்லாப் போவட்டும். ஊதாச் சேல புடிக்கும்னு சொல்லத் தெரியுது, இன்னொண்ணு எடுத்துக் குடுக்கத் தெரியல. ஒரே சேலையத் தொவச்சு என் கை தேஞ்சு போச்சு. ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்! நான் மட்டுமா, இந்தச் சடக்கே கேக்குது. மேல இருக்கற நோன்யாகூட அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்குது. வால்வப் பத்திக் கத்துறாரு, கோப்பியப் பத்திக் கத்துறாரு, என்னக் கட்டிக்கிறியான்னு மட்டும் கத்த மாட்டேங்குறாரு. இருங்கன்னு நான் சொல்லணுமாம். சரி, சொல்றேன். இருங்க. நீங்க போனா எனக்கு இந்தக் கடை வேணாம், ஒண்ணும் வேணாம். என்னக் கட்டிக்கிறீங்களா இல்லையா? அத மொதல்ல சொல்லிட்டுக் காரு ஏறுங்க!"

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

கடைவாசலில் கால் வைக்க இடமில்லை. கய்யூம் கையிலிருந்த பால் டின் சாய்ந்து பால் தரையில் போய்க்கொண்டிருந்தது. நல்லையா போஸ்டாபீஸ் சட்டையோடு நின்றார். மாடி நோன்யா, கட்டைச் செருப்போடு, முன்வரிசையில் நின்றார். தவிலின் சத்தம் மட்டுமே விஜயாவின் காதில். உள்மேசைக்குப் பின்னால் ராஜரத்தினம் எழுந்து நின்றிருந்தான். கழுத்து நரம்பு புடைக்க அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. அசைந்து நின்றது. கூட்டம் கைதட்டுவது தெரிந்தது.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்னா சொன்னாரு? பாய், என்னா சொன்னாரு அவரு?"

கய்யூம் மேலே பார்த்தார். நல்லையா தன் செருப்பைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருப்பதில் இரண்டு வருஷம் பழகிய சடக்கு அது.

ராஜரத்தினத்தின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஹெட்போன் மாட்டியவள் எவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்பதை அவன் இப்போதுதான் கேட்டிருந்தான். இரண்டு வருஷத்துக் காலைகள் ஒவ்வொன்றாக அவன் ஞாபகத்துக்கு வந்து உதைப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அவன் கண் கய்யூமிடம் போய் நின்றது.

"பாய், அந்தக் கோப்பி..." என்றான், தன் பழைய காற்றுக் குரலில்.

"அன்னைக்கே மாத்திட்டேன், தம்பி" என்றார் கய்யூம் பரிவோடு.

அவன் கை தடுமாறிக்கொண்டு மேசைமேலிருந்த தன் ஹெட்போனைத் தேடியது. அது தலையில் இல்லாமல் அவனால் என்ன பேச முடியும்? விஜயா இரண்டே எட்டில் போய் அதை முந்திக்கொண்டு எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கே கேட்டுச்சு, எனக்கு மட்டும் கேக்கல. இது இல்லாமச் சொல்லுங்க."

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. ஏஜெண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். ராஜரத்தினம் அவனைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலாகக் குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னான். நீளமாகவே சொன்னான். முன்வரிசை நோன்யாவுக்குக்கூட அது எட்டவில்லை.

விஜயா முழுவதையும் கேட்டாள். மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு ஏஜெண்டின் பக்கம் திரும்பினாள்.

"அவரு வரலையாம். நீங்க பாத்துப் போங்க."

"தம்பி, ஒண்ணும் கேக்கல!" என்று கய்யூம் கத்தினார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுப்பா! நாங்கள்லாம் என்ன அன்னியமா?"

"மறுபடியும்!" என்றார் நல்லையா.

விஜயா உள்ளே நின்றபடியே கடைப்பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள். காலை பத்தரை மணி, நல்ல வியாபார நேரம். கடைசிப் பலகையை உள்ளேயிருந்து ராஜரத்தினம் பிடித்து இழுத்துக்கொண்டான்.